பென்சிலில் எழுதிய ஆறாவது இடம்

எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க வராது. பஸ்ஸில் ஏறினால் ஜன்னல்களை எண்ணுவேன். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் எனக்கு முன்னால் இருக்கும் இலைகளை எண்ணி, பாயசம் என் இலைவரைக்கும் வருமா என்று கவலைப்படுவேன். வயதான பிறகு வந்த பழக்கம் என்று வீட்டில் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பதினேழு வயதில், ஆறு என்கிற ஓர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே எழுத வேண்டிய எண் எது என்று தெரியாமல் ஒரு கோடை முழுவதும் தவித்தேன். அப்போது தொடங்கியது.

அறுபதுகளின் ஆரம்பம் அது. நான் கோயமுத்தூரில் பி.யு.சி. முடித்திருந்தேன். நம் மாநிலத்து இன்ஜினியரிங் கல்லூரிகளில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. நான்கு மார்க் குறைந்துவிட்டது. கணக்குப் பாடம் நடத்தியவர் என்னைக் கூப்பிட்டு, எல்லைக்கு மேற்கே அடுத்த மாநிலத்தில், பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓர் அரசுக் கல்லூரியில், வெளி மாநிலத்துப் பிள்ளைகளுக்கென்று ஆறு இடம் தனியாக வைத்திருக்கிறார்கள், எழுதிப் போடு என்றார். எழுதிப் போட்டேன். அந்த ஆறு இடத்துக்கு எத்தனை பேர் எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. பின்னத்தில் மேலே உள்ள எண் மட்டும் தெரிந்தால் அதை வைத்து என்ன செய்வது? கீழே பத்து என்று போட்டுப் பார்ப்பேன், மனது லேசாக இருக்கும். அறுநூறு என்று போட்டுப் பார்ப்பேன், சோறு இறங்காது.

அப்பாவுக்கு இந்தக் கணக்கு என்னைவிட நன்றாகப் புரிந்தது. அந்தக் காலத்தில் பனியன் கம்பெனி நடத்திய எங்களுக்கு நூல் தாராளமாகக் கிடைக்காது. இன்ன கம்பெனிக்கு இத்தனை மூட்டை என்று கோட்டா. வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டின் முன்பக்கம் நாங்கள் இருந்தோம், பின்பக்கம் ஷெட். துணி பின்ன நான்கு நிட்டிங் மிஷின், அதைத் தைக்க ஒரு பவர் டேபிள், பதினோரு ஆட்கள். கோட்டா நூல் வராத வாரம் நான்கு மிஷினும் வாயை மூடிக்கொள்ளும்.

"நூலு மாதிரிதானே கண்ணு?" என்றார் அப்பா. "இருக்கறது ஆறு மூட்டை. எத்தனை பேரு கையை நீட்டறாங்கன்னு நமக்குச் சொல்ல மாட்டாங்க. நாம போய் நிக்கோணும், அவ்வளவுதான்."

கிடைக்காவிட்டால் என்ன என்பதும் முடிவாகியிருந்தது. நான்காவது மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு புது ஸ்டூல் கிடந்தது. மே மாதத்திலேயே அப்பா வாங்கிப் போட்டுவிட்டார். அது எனக்கு. "அடுத்த வருசம் பாத்துக்கலாங்கற பேச்சே வேண்டாம். இந்த வருசம் சீட்டு வந்தாப் படி. இல்லீன்னா உக்காந்துக்கோ" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். ஆட்கள் யாரும் அந்த ஸ்டூலில் உட்காரவில்லை. பஞ்சுத் தூசி தினமும் அதன்மேல் படிந்தது. அம்மா தினமும் துடைத்தாள். நான் ஷெட்டுக்குள் போனால் அதைப் பார்க்காமல் வருவதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். சுவர் ஓரமாக, பவர் டேபிளைச் சுற்றி.

ஆடி மாதம் இன்டர்வியூவுக்குக் கார்டு வந்தது.

ஆடியில் எங்கள் பக்கம் யாரும் ஒன்றையும் தொடங்க மாட்டார்கள். மேற்கே கணவாய் வழியாகக் காற்று இரவும் பகலும் அடிக்கும். காயப்போட்ட துணியெல்லாம் செம்மண் நிறத்துக்கு மாறும். அந்தக் காற்றுக்கு எதிராகத்தான் நாங்கள் போக வேண்டியிருந்தது. அது போதாதென்று, இன்டர்வியூ திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. ஓர் இரவு ரயில் பயணம் என்பதால் ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டால்தான் சரியாக வரும். ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம், அந்தத் திசைக்குப் போகக்கூடாது. சனிக்கிழமையே புறப்படலாம் என்றால் அது சம்பள நாள். அப்பாவால் ஷெட்டை விட்டு நகர முடியாது. என்னைத் தனியாக அனுப்பவும் அவருக்கு மனமில்லை.

"வாயில வெல்லத்தைப் போட்டுட்டுக் கெளம்புனாச் சூலம் போச்சுங்க. எத்தனை தடவை போயிருக்கறீங்க" என்றாள் அம்மா.

சாதாரணப் பயணமென்றால் அப்பாவுக்கும் அது போதும். இதற்கு வெல்லம் போதாது என்று அவருக்குப் பட்டது. பரஸ்தானம் வைத்துவிடலாம் என்றார். நல்ல நாளில் புறப்பட முடியாதவர்கள் செய்வது அது. போகிறவருடைய பொருள் ஒன்றை, பெரும்பாலும் ஒரு துணியை, போகும் திசையில் இருக்கும் வேறொரு வீட்டில் நல்ல நேரத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் வேண்டுமானாலும் புறப்பட்டு, வழியில் அதை எடுத்துக்கொண்டு போகலாம். வியாழக்கிழமை காலை பத்தரைக்கு மேல் நேரம் நன்றாக இருந்தது.

தெருவின் மேற்குக் கோடியில் தெரிந்தவர் வீடு ஒன்று உண்டு. அப்பா அதை ஒப்புக்கொள்ளவில்லை. "தெருக்கோடியில வச்சா அது மேக்கா? எல்லை தாண்டோணும்" என்றார். எல்லை தாண்டினால் முதலில் வரும் ஊரில் எங்கள் பனியனை வாங்கி விற்கும் மண்டிக்காரர் இருந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் அவருக்கு லாரியில் சரக்கு போகிறது, சாக்கில் அடுக்கித் தைத்த பனியன் பேல்கள். வெள்ளிக்கிழமை காலையில் சேர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அந்த ஊரில் இறங்கி, பொருளை எடுத்துக்கொண்டு, ராத்திரி வண்டியைப் பிடித்தால் போயிற்று. அப்பா சொன்னபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அம்மா என் வெள்ளைச் சட்டையை மடித்துக்கொண்டு வந்தாள்.

"சட்டைக்கா சீட்டுத் தர்றாங்க?" என்றார் அப்பா. "எதை நம்பிப் போறானோ அது முன்னால போகோணும். அந்த எஸ்.எஸ்.எல்.சி. பொஸ்தகத்தை எடுத்துட்டு வா கண்ணு."

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பி.யு.சி. மார்க் ஷீட், டி.சி., நன்னடத்தைச் சான்றிதழ். நான்கும் அசல். என்னிடம் டைப் அடித்து ஆபீசர் கையெழுத்து வாங்கிய நகல்கள் இருந்தன. அசல் கையில் இருப்பது நல்லதில்லையா என்று கேட்டேன். எங்கள் சந்து முனையில் ஷெட் வைத்திருந்த மாமன், அம்மாவின் தம்பி, அன்று எங்கள் வீட்டில் இருந்தார். எதையும் கேலி செய்யாமல் விடமாட்டார்.

"மச்சான், பேசாம பையனையே பேலுக்குள்ள வச்சுத் தச்சுப் போடலாமுங்க. சூலமும் ஒட்டாது, டிக்கெட்டும் மிச்சம்" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நான் சிரித்ததாக நினைவில்லை.

எட்டுப் பேல் தைத்து, சாக்கின்மேல் எங்கள் கம்பெனி மார்க்கைக் கறுப்பு மையில் போட்டு, சுவர் ஓரம் அடுக்கியிருந்தார்கள். ஒன்பதாவதின் வாய் மட்டும் திறந்திருந்தது. அதில் மார்க் கிடையாது. பில்லும் கிடையாது. அந்தச் சந்தில் எல்லோரும் அப்படித்தான் அனுப்பினார்கள், எட்டுக்கு பில், ஒன்றுக்கு இல்லை. வரி கட்டாத அந்த ஒன்றில்தான் ஏதோ மிஞ்சும் என்பார்கள். லாரி டிரைவர் அதை மற்ற பேல்களுக்கு நடுவே, வெளியே தெரியாமல் போடுவான். எட்டுப் பேலில் ஒன்று நனைந்தாலும் நனையும். இதற்கு ஒன்றும் ஆகாது. அப்பா அதைத்தான் பத்திரமான பேல் என்று நினைத்தார். நல்ல நேரம் வந்ததும் தானே குனிந்து, பனியன்களை இரண்டு பக்கமும் ஒதுக்கி, சட்டையில் சுற்றிய என் நான்கு காகிதங்களையும் நடுவில் வைத்தார். "பேலு நடுவுல தண்ணி போவாது" என்றார். கோணி ஊசியால் வாயைத் தைத்தார்கள். ஊசி சாக்கில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இருபத்தாறு தையல்.

ஞாயிற்றுக்கிழமை வெல்லத்தையும் வாயில் போட்டுக்கொண்டுதான் கிளம்பினோம். கணவாய்க்குள் ரயில் நுழைந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மண்டிக்காரர் வீட்டை அடைந்தபோது சாயங்காலம் நாலரை. அவர் எங்களைப் பார்த்ததும் வாங்க என்று சொல்வதற்கு முன்னால் அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தகவல் வரலீங்களா? வண்டி வரலே. வியாழக்கிழமை ராத்திரியே செக்போஸ்ட்டுல நிறுத்திட்டாங்க. எல்லாத்தையும் கீழே இறக்கி எண்ணினாங்களாம். பில்லுக்கு மேல ஒண்ணு இருக்காம்."

அப்பா உட்காரவில்லை. காபி வேண்டாம் என்றார். பஸ் பிடித்து எல்லைக்குத் திரும்பி வந்தோம். ரயிலில் வரும்போது அந்த இடத்தை நாங்கள் கடந்துதான் வந்திருக்கிறோம். ஜன்னலைச் சாத்தியிருந்ததால் பார்க்கவில்லை.

விற்பனை வரி செக்போஸ்ட் என்பது சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை. எட்டுப் பேல் தார்ப்பாயின் கீழ் இருந்தது. ஒன்பதாவது பேலைத் தனியாக, கொட்டகையின் உள்ளே, மேசைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். மேலே தகரம் ஒழுகியது. ஒழுகுகிற இடத்திலிருந்து பேல் எத்தனை முழம் தள்ளி இருக்கிறது என்று கண்ணால் அளந்தேன். ஒன்றரை முழம் இருக்கும். டிரைவர் எங்களைப் பார்த்துவிட்டுத் தெரியாதவன்போலத் திரும்பிக்கொண்டான். அவனை மூன்று நாளாக அங்கேயே உட்கார வைத்திருந்தார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி நடுத்தர வயதுக்காரர். கோபக்காரர் என்று சொல்ல முடியாது. எட்டுப் பேலையும் பில்லோடு சரிபார்த்து, எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். பிறகு பேனாவால் ஒன்பதாவதைக் காட்டினார்.

"இது யாரோடது?"

அப்பா அந்தப் பேலைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"நம்முது எட்டுத்தானுங்க" என்றார்.

"டிரைவரும் தெரியலேங்கறான். நீங்களும் தெரியலேங்கறீங்க. அப்போ தானா நடந்து வந்து வண்டியில ஏறிக்கிட்டதா?"

"வழியில யாராச்சும் ஏத்தியிருப்பாங்களுங்க."

அதிகாரி சிரித்தார். "சரி, இருக்கட்டும். ஒரு வாரம் பார்ப்போம். யாரும் வரலேன்னா பிரிச்சு ஏலம் போட்டுருவோம். உள்ளே ஏதாவது அடையாளம் இருக்கும். பெரும்பாலும் இருக்கும்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். வெளியே வந்து மழையில் நின்றபோதுதான் அந்த அடையாளம் எது என்று எனக்கு உறைத்தது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தின் முதல் பக்கத்தில் என் பெயர், அதற்குக் கீழே அவர் பெயர், அதற்கும் கீழே எங்கள் முகவரி.

அன்று ராத்திரி வண்டியிலேயே ஏறிக் காலையில் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கல்லூரித் தாழ்வாரத்தில் வெளி மாநிலத்துக்காரர்களைத் தனி பெஞ்சுகளில் உட்கார வைத்தார்கள். கீழே எழுத வேண்டிய எண் அப்போதுதான் எனக்குக் கிடைத்தது. நாற்பத்து மூன்று. நாற்பத்து மூன்று பேருக்கு ஆறு இடம் என்றால் ஏழு பேரில் ஒருவன். எனக்கு இந்தப் பக்கம் ஆறு பேரின் முகத்தைப் பார்த்தேன். எல்லோரும் என்னைவிடக் கெட்டிக்காரர்களாகத் தெரிந்தார்கள். கணக்கில் என் மார்க் தொண்ணூற்றாறு என்பது ஒன்றுதான் என் பக்கம்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நகல்களைப் பார்த்தார்கள். இரண்டு கேள்வி கேட்டார்கள், இரண்டுக்கும் பதில் சொன்னேன். அசல் எங்கே என்றார்கள். வரும் வழியில் சிக்கிக்கொண்டது என்றேன். அது பொய்யில்லை. நடுவில் இருந்தவர் மற்ற இருவரிடமும் ஏதோ பேசிவிட்டு, பட்டியலில் என் பெயரைப் பென்சிலில் எழுதினார். அதற்கு மேலே இருந்த ஐந்து பெயரும் மையில் இருந்தன. சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அசலைக் கொண்டுவந்து காட்டினால் இதன்மேல் மை போடுவோம், இல்லாவிட்டால் ஏழாவது ஆளைக் கூப்பிடுவோம் என்றார்.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தோம். ஆறில் ஓர் இடம் என் பெயரில் இருக்கிறது. அதற்கான காகிதம், அப்பா தன்னுடையதில்லை என்று சொன்ன ஒரு மூட்டைக்குள் இருக்கிறது. அம்மாவிடம் சொன்னோம். போய் ஸ்டூலைத் துடைக்க ஆரம்பித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, பாதியில் துணியைப் போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே மாமன் வந்தார். இந்தத் தடவை கேலி இல்லை.

"மச்சான், நீங்க போயி என்னுதுன்னு ஒத்துக்கிட்டா உங்களோட நிக்குமுங்களா? இத்தனை நாளா எத்தனை பேலு இப்படிப் போச்சுன்னு கேப்பாங்க. பொறவு பக்கத்து ஷெட்டு. அதுக்குப் பொறவு என்ற ஷெட்டு. பனியன்ல ஒரு கண்ணி அறுந்தா எங்க வரைக்கும் ஓடும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? நூல் கோட்டாவை நிறுத்திப்போட்டா இந்தச் சந்துல எத்தனை அடுப்பு எரியாதுன்னு எண்ணிப் பாருங்க."

"ஒத்துக்கலீன்னாலும் பிரிச்சுப் பாப்பாங்களே" என்றார் அப்பா.

"அந்தக் காயிதம் எப்படி அதுக்குள்ள போச்சுன்னே தெரியாதுன்னு சொல்லுங்க. திருட்டுப் போச்சுன்னு இன்னிக்கே போலீஸ்ல எழுதிக் குடுங்க. பையனுக்கென்ன, அடுத்த வருசம் வேற எங்காச்சும் எழுதிப் போடட்டும்."

அது புத்திசாலித்தனமான யோசனை. அப்பாவுக்கும் அப்படித் தோன்றியிருக்க வேண்டும். மறுநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போனார். எழுதிக் கொடுக்காமல் திரும்பி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "திருட்டுன்னு எழுதுனா டிரைவரைப் புடிச்சு உள்ள வச்சுருவாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வியாழக்கிழமை முழுவதும் நான்காவது மிஷினைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அதற்கு ஒரு கோளாறும் கிடையாது. எனக்காகத்தான் அதைத் தயார் செய்கிறார் என்று நினைத்தேன். என் பெயருக்குமேல் மை விழப்போவதில்லை என்று அன்று ராத்திரி முடிவு செய்துகொண்டேன்.

விடிகாலையில் அம்மாவின் குரல் கேட்டது. உரக்கப் பேசவில்லை. அடுப்பங்கரையிலிருந்து, ஒவ்வொரு வார்த்தையாக.

"ஏனுங்க, எட்டுத்தான் நம்முதுன்னு சொன்னீங்களே. அந்த ஒம்பதாவதுல இருக்கறது என்ற பையனுங்க."

அப்பா வெளியே வந்து என்னை எழுப்பினார். நான் தூங்கவில்லை. "கெளம்பு" என்றார். அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையும் மேற்கே சூலம். காலண்டர் அவர் தலைக்கு நேர் மேலே மாட்டியிருந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெல்லமும் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் சம்பளத்தை ஆட்களுக்கு அம்மாவே கொடுக்கும்படி சொல்லிவிட்டு நடந்தார். சந்து முனையில் மாமன் பல் துலக்கிக்கொண்டு நின்றார். நாங்கள் எங்கே போகிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

செக்போஸ்ட்டில் அதே அதிகாரி இருந்தார். பேல் அதே இடத்தில் இருந்தது. சாக்கின் ஒரு பக்கம் நனைந்து கறுத்திருந்தது.

"அந்தப் பேலு என்னுதுங்க" என்றார் அப்பா.

"ஞாயித்துக்கிழமை இல்லேன்னீங்க."

"இல்லீன்னு சொன்னதும் நானுங்க. ஆமான்னு சொல்றதும் நானுங்க. எழுதிக்குங்க."

அதிகாரி பேரேட்டைத் திறந்தார். "உங்களதுன்னு எப்படி நம்புறது? உள்ளே என்ன இருக்கு, சொல்லுங்க."

"நடுவுல ஒரு வெள்ளைச் சட்டை இருக்குமுங்க. அதுக்குள்ள இவன்ற படிப்புக் காயிதம். நாலு."

ஆளை விட்டுத் தையலை அறுக்கச் சொன்னார். மேலே இருந்த பனியன்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் பழுப்பேறிக் கிடந்தன. அடுத்த அடுக்கும் ஈரம். அப்பா சொன்னது சரிதான், நடுவில் தண்ணீர் போகவில்லை. சட்டை காய்ந்தே இருந்தது. அதிகாரி எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைத் திறந்து முதல் பக்கத்தை நிதானமாகப் படித்தார். அப்பாவின் பெயரைத் தன் பேரேட்டில் எழுதிக்கொண்டார். முகவரியையும் எழுதிக்கொண்டார். பிறகு மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு என்னிடம், "கணக்குல நல்ல மார்க்கு. இந்தப் பேல்ல எத்தனை டஜன் இருக்கும், பார்த்துச் சொல்லு?" என்றார்.

அறுபது என்பது எனக்குத் தெரியும். அப்பாவைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார்.

அப்பா மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். அபராதம் கட்டினார். நான்கு காகிதங்களையும் சட்டையோடு என் கையில் கொடுத்துவிட்டு அதிகாரி சொன்னார், "இதோட முடிஞ்சுதுன்னு நினைக்க வேண்டாம். உங்க ஊர் ஆபீசுக்கு நாங்க எழுதுவோம். அவங்க வந்து பார்ப்பாங்க."

"எப்பங்க வருவாங்க?" என்று கேட்டார் அப்பா.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வருவாங்க."

சனிக்கிழமை காலை பதினொன்றே காலுக்குக் கல்லூரித் தாழ்வாரத்துக்குப் போனோம். எல்லாப் பெஞ்சும் காலி. ஒன்றில் மட்டும் ஒரு பையனும் அவன் அப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். என் வயதுதான் இருக்கும், எங்கோ வடக்கேயிருந்து வந்தவன். அவனை எனக்குத் தெரியாது; ஆனால் யார் என்று பார்த்ததுமே தெரிந்தது. பன்னிரண்டு மணி ஆவதற்காக உட்கார்ந்திருந்தான். என் முகத்தைப் பார்த்தான், பிறகு என் கையில் இருந்த சட்டைச் சுருளைப் பார்த்தான். அவன் அப்பா உடனே எழுந்துவிட்டார். அவன் எழுந்திருக்கவில்லை. நான் உள்ளே போய்க் காகிதத்தைக் காட்டி, பென்சில் எழுத்தின்மேல் மை விழுவதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தான். ஏழு பேரில் ஒருவன் என்று கணக்குப் போட்டேனே, மீதி ஆறு பேரில் ஒரு முகம் மட்டும் எனக்கு மறக்கவில்லை.

அப்படித்தான் எனக்கு இடம் கிடைத்தது. ஐந்து வருஷம் அங்கே படித்தேன்.

முதல் விடுமுறைக்கு வந்தபோது ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்தேன். சந்துக்குள் நுழைந்ததும் காதைக் கொடுத்து எண்ணினேன். நான்கு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன. சீல் வைத்திருப்பார்கள் என்றே வழியெல்லாம் நினைத்திருந்தேன். நிம்மதியாக உள்ளே போனேன். அப்பா ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், "எல்லையில வண்டியை நிறுத்துனாங்களா? யாராச்சும் என்னைப் பத்திக் கேட்டாங்களா?" என்றார்.

"ரயில்ல வந்தனுங்கப்பா. யாரும் கேக்கலீங்க."

"செரி. இன்னும் எழுதலியாட்ட இருக்குது."

அவர்கள் எழுதினார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாரும் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. வந்திருந்தால் ஒருவேளை அப்பா தப்பித்திருப்பார்; அவர்கள் போடும் அபராதத்தையும் கட்டிவிட்டு, நான்கு நாள் திட்டிவிட்டு, வேலையைப் பார்த்திருப்பார். வராததுதான் அவரைத் தின்றது. மார்க் போடாத பேல் எங்கள் ஷெட்டிலிருந்து அதற்குப் பிறகு போகவில்லை. ஒவ்வொரு டஜனுக்கும் பில் போட்டார். பழைய பில் புத்தகங்களை வருஷவாரியாகக் கட்டி, கூப்பிட்ட நேரத்தில் காட்டுவதற்கு வாசலுக்குப் பக்கத்து அலமாரியில் அடுக்கினார். ஐந்தாவது மிஷின் வாங்கவில்லை. "அவங்க வந்து பாத்துட்டுப் போவட்டும், பொறவு வாங்கிக்கலாம்" என்பார். சந்தில் யாரும் அவரிடம் அதிகம் பேசவில்லை. சோதனைக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அப்படியே தங்கள் வீட்டுக்கும் வருவார்கள் என்ற பயம். மாமன் கல்யாணம் கருமாதிக்கு வந்து, சாப்பிடாமல் போவார். அவருடைய ஷெட்டில் இருபது மிஷின் ஆகியும் அந்தப் பயம் போகவில்லை. அந்த ஸ்டூல் மட்டும் எடுக்கப்படாமல் நான்காவது மிஷினுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. வருகிறவர்கள் உட்காருவதற்கு என்று அப்பா சொல்வார்.

எனக்கு மின்சார இலாகாவில் வேலை கிடைத்தது. பத்து வருஷம் வெவ்வேறு ஊர்களில் இருந்துவிட்டு, எழுபதுகளின் நடுவில் எங்கள் பக்கமே மாற்றலாகி வந்தேன். ஒரு லைனைப் பார்த்துவிட்டு அந்த வழியாக வந்தவன், முன்கூட்டிச் சொல்லாமல், இலாகா ஜீப்பிலேயே வீட்டுக்குப் போனேன். மத்தியானம் மூன்று மணி. எங்கள் சந்தில் அதற்கு முன் ஜீப் வந்து நான் பார்த்ததில்லை. டிரைவர் இன்ஜினை நிறுத்தினான். பக்கத்து ஷெட்டில் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எதிர் ஷெட்டிலும் நின்றன.

அப்பாவுக்கு அப்போது கண்ணில் புரை. ஆள் நிழலாகத்தான் தெரியும். உள்ளே அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது. சட்டையைப் போட்டு, கழுத்து வரைக்கும் பொத்தானை மாட்டிக்கொண்டு, பில் புத்தகக் கட்டு ஒன்றை இரண்டு கையாலும் மார்போடு அணைத்தபடி வாசலுக்கு வந்தார். அவருக்குப் பின்னால் அம்மா அந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தவள், என்னைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள்.

"வாங்க சாமி, உக்காருங்க" என்றார் அப்பா. நெடுநாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் அவை. "எல்லாம் வருசவாரியா எடுத்து வச்சிருக்கறனுங்க. அந்த ஒரு பேலுதானுங்க. அது பையனுக்காவ."

"அப்பா, நான்தானுங்க."

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பி, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். கட்டைக் கீழே வைக்கவில்லை.

"நீயா கண்ணு?" என்றார். என் தோளுக்கு மேலாக, ஜீப் நின்ற பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார். "அவங்க பின்னால வர்றாங்களா?"